கதவை மூடவிடாதவள்

ரயில் சோதனைக் கூடத்தில் அவளுக்கு முட்டுக்கட்டை என்று பெயர். சக்கரம் உருண்டுவிடாமல் அடியில் செருகி வைக்கும் கட்டைக்கும் அதே பெயர்தான் என்பதால், "முட்டுக்கட்டை எங்கேப்பா?" என்று யாராவது கேட்டால் "மரமா, மேடமா?" என்று இன்னொருவர் திருப்பிக் கேட்பார். அவள் காதில் விழட்டும் என்றே கேட்பார்கள். அவளும் விடமாட்டாள். "மரத்துக்கிட்டயே போங்க. உங்க பேச்சு அதுக்குத்தான் புரியும்" என்பாள்.

நாற்பத்தைந்தைத் தாண்டியவள். பொறியியல் படித்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அவர்கள் கல்யாணத்தைப் பற்றி நாலு கேள்வி கேட்டு வாயை அடைத்துவிடுவாள். இந்த வேலைக்கான நேர்முகத்தில் "உங்களுக்கு எதுல ஆர்வம்?" என்று கேட்டபோது "உடைக்கிறதுல" என்று சொன்னவள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சின்ன வயதில் தங்கையின் பொம்மைக் கையை எத்தனை தடவை முறுக்கினால் கழன்று வரும் என்று பார்த்தவள். கை கழன்றதும் தங்கை ஊரைக் கூட்டி அழுதாள். "மட்டமான பொம்மைடி. நாளைக்குக் கழல வேண்டியது இன்னிக்கே கழண்டுச்சு" என்று இவள் சமாதானம் சொன்னாள். அந்தச் சமாதானம் அன்றைக்கும் எடுபடவில்லை, பிற்காலத்தில் மற்றவர்களிடமும் எடுபடவில்லை.

கூடம் என்றால் உயரமான தகரக் கொட்டகை. நடுவில் பாதியாக வெட்டிய ஒரு ரயில் பெட்டி நிற்கும். அதன் கதவுகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தானாகத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். புஸ் என்று காற்று விடும், டப் என்று மூடும், மறுபடி புஸ். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் தலைவலி வரும். அவளுக்கு அந்தச் சத்தம் நின்றால்தான் தலை வலிக்கும்.

அப்போது நகர ரயில்களுக்குப் புதுக் கதவுகள் வரவிருந்தன. பழைய கதவை விட வேகமாக மூடும் கதவுகள். ஒவ்வொரு நிலையத்திலும் கொஞ்சம் நேரம் மிச்சமானால் நாள் முழுக்க எத்தனையோ வண்டிகள் கூடுதலாக ஓட்டலாம் என்று மேலிடம் கணக்குப் போட்டிருந்தது. கதவுக்கு நடுவே ஏதாவது மாட்டினால் கதவே அதை உணர்ந்து திறக்க வேண்டும். அதைச் சோதிக்க விதியில் சொன்ன அளவுக்கு ஒரு மரத்துண்டு உண்டு. அதை நடுவில் வைத்தார்கள். கதவு திறந்தது. பத்து இடத்தில் மாற்றி வைத்தார்கள். பத்து தடவையும் திறந்தது. கதவுக் கம்பெனியிலிருந்து வந்திருந்தவர் கைகளைத் துடைத்துக்கொண்டார். எப்போதும் சிரித்த முகமாக இருப்பவர் அவர். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே முட்டுக்கட்டைக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பை நிறையச் சாமான்களை அள்ளிக்கொண்டு வந்தாள். குடை, ஸ்கார்ஃப், தோள்பையின் வார், நாய் கட்டும் கயிறு, ஷூ லேஸ். ஒவ்வொன்றாகக் கதவில் மாட்டினாள். கதவு குடையைக் கண்டுகொண்டது. மற்ற எதையும் கண்டுகொள்ளவில்லை. இறுக்கமாக மூடிக்கொண்டது. டிரைவர் அறையில் 'எல்லாக் கதவும் மூடியாச்சு, வண்டியை எடுக்கலாம்' என்று சொல்லும் பச்சை விளக்கு எரிந்தது.

"மேடம், விதியில மரத்துண்டுன்னுதான் இருக்கு. நாய்க் கயிறுன்னு இல்லையே" என்றார் கம்பெனிக்காரர், சிரித்தபடி.

"மரத்துண்டு டிக்கெட் எடுத்துட்டு ரயில் ஏறுமா சார்?"

"அதுக்கில்ல மேடம்..."

"பை வாரைத் தோள்ல மாட்டியிருக்கிறது மனுஷன். பை உள்ள, மனுஷன் வெளிய, வண்டி கிளம்பிடுச்சு. அப்ப விதிப் புத்தகத்தையா தண்டவாளத்துல போட்டு அவனைப் பொறுக்குவீங்க?"

கூடத்தின் தலைவருக்கு இந்தச் சண்டை பிடிக்கவில்லை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. அதுவரை எந்த வம்பும் வராமல் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைப்பவர் அவர். மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. "அவங்க வந்து போற வரைக்கும் உங்க பையைத் திறக்கக் கூடாது. இது உத்தரவு" என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

அவள் பையைத் திறக்கவில்லை. அதற்குப் பதில் சாக்குத்துணியில் மணல் அடைத்து ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை செய்தாள். தோளில் ஒரு பையை மாட்டினாள். அதிகாரிகள் வெளியே சோதனைப் பாதையின் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, அங்கே நிற்கிற சோதனை வண்டியின் கதவில் அந்தப் பையை வைத்து மூடச் செய்தாள். பச்சை விளக்கு எரிந்தது. "எடுங்க" என்று கையைக் காட்டினாள். சோதனை டிரைவர் வழக்கமான ஓட்டம் என்று நினைத்து வண்டியை எடுத்தார். பொம்மை முதலில் நடப்பது போலப் போனது. அப்புறம் ஓடுவது போல. அப்புறம் கால் தூக்கிப் போட்டது. நடைமேடை முடிகிற இடத்துக் கம்பியில் மோதி, தலை தனியாகக் கழன்று, உருண்டு வந்து முன்வரிசை அதிகாரியின் ஷூவில் முட்டி நின்றது. மணல் கொட்டியது.

தலைவர் அன்றைக்கு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்தி என்ன பயன், கூடம் முழுக்கக் கேட்டது.

"என் மானத்தை வாங்கணும்னே பண்ணியிருக்கீங்க!"

"உங்க மானம் போனா ஒட்டிக்கலாம் சார். தலை போனா ஒட்ட முடியாது."

"வெளிய போங்க!"

ஆனாலும் காரியம் நடந்தது. கதவை இன்னும் நுணுக்கமாகச் செய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. கம்பெனிக்காரர் கதவு விளிம்பில் புது ரப்பர் பட்டை வைத்துக் கொண்டுவந்தார். ஷூ லேஸ் பட்டால்கூட அதற்குத் தெரிந்தது. அவர் ஒரு யோசனையும் சொன்னார். "ஏதாவது பட்டா கதவு முழுசா திறக்க வேணாம் மேடம். ஒரு கை அகலம் தளர்ந்து கொடுத்தா போதும். மாட்டினதை உருவிக்குவாங்க. முழுசா திறந்தா ஜனங்க அதையே பழக்கமாக்கிடுவாங்க."

"ஒரு கை அகலமா? முதல்ல உங்க கழுத்தை வெச்சுக் காட்டுங்க, போதுமான்னு பார்க்கலாம். முழுசா திறக்கணும். இதுல பேரமே கிடையாது" என்றாள்.

அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை. "சரி. உங்க இஷ்டம். பின்னாடி என்னைச் சொல்லாதீங்க" என்றார்.

புதுக் கதவு போட்ட வண்டிகள் ஓட ஆரம்பித்தன. முதல் மாதமே ஊர் சபிக்க ஆரம்பித்தது. கோட்டு நுனி பட்டால் கதவு திறந்தது. பழக்கூடையின் நார் பட்டால் திறந்தது. ஒரு பெட்டியில் ஒரு கதவு திறந்தால் வண்டி முழுக்க நிற்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி மூச்சு முட்டினது போல நின்று நின்று போனது. கூட்டம் டிரைவர் மேல் பாய்ந்தது. கதவைச் செய்தவனையும் சோதித்தவளையும் யாருக்குத் தெரியும்? கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன்தான் கைக்கு எட்டுகிறவன்.

அப்படிக் கைக்கு எட்டியவர்களில் ஒருவர் அவள் தங்கையின் புருஷன். அதே தடத்தில்தான் அவருக்கு வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"நேத்து அவரை அறைஞ்சிருக்கான் ஒருத்தன். வண்டி லேட்டுன்னு. பிளாட்ஃபாரத்துல, அத்தனை பேர் முன்னாடி. மூக்குக்கண்ணாடி உடைஞ்சு கன்னத்துல கீறியிருக்கு. உன்னால."

"என்னாலயா? நானா அறைஞ்சேன்?"

"நீ அறைஞ்சிருந்தாகூட பரவாயில்ல, அக்கான்னு விட்டிருப்பேன். உனக்கு உன் கதவு ஜெயிக்கணும். அதுல யார் நசுங்கினா உனக்கென்ன?"

"யாரும் நசுங்கக் கூடாதுன்னுதான்டி அந்தக் கதவு!"

"என் புருஷன் நசுங்குறாரே, அது கண்ணுக்குத் தெரியலையா? பெரிய கண்ணு, எல்லாம் கண்டுபிடிக்கிற கண்ணு!" தங்கை அழவில்லை. அழுதிருந்தால் முட்டுக்கட்டைக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இனிமே அவர் இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டார். என்னையும் எதிர்பார்க்காதே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

முட்டுக்கட்டை யோசித்து வருந்துகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் எதையாவது சோதித்துப் பார்ப்பாள். மறுநாள் கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, தங்கை புருஷன் ஓட்டும் வண்டியில் அவரிடம் சொல்லாமல் ஏறினாள். எல்லாரும் சேர்ந்து மிகைப்படுத்துகிறார்கள், நேரில் பார்த்து ஒவ்வொருவரையும் வாயடைக்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

கூட்டம் பிதுங்கியது. கதவு மூடப் போய்த் திறந்தது. "எந்த முட்டாள்டா இதைக் கண்டுபிடிச்சது?" என்று அவள் காதோரம் ஒருவர் கத்தினார். "நீ ஏறின லட்சணத்துக்குக் கதவு திறக்காம என்ன பண்ணும்?" என்று அவள் திருப்பிக் கத்தினாள். இரண்டு நிலையம் அப்படியே சண்டை போட்டுக்கொண்டு போனவள், மூன்றாவது நிலையத்தில் பேச்சை நிறுத்தினாள்.

நடைமேடைப் படிக்கட்டில் ஒரு ஆள் ஓடி வந்துகொண்டிருந்தான். கதவு மூடிக்கொண்டிருந்தது. ஓடுகிற ஓட்டத்திலேயே கையை நீட்டி இடுக்கில் விட்டான். கதவு முழுசாகத் திறந்தது. உள்ளே வந்து சாவகாசமாக நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் ஏறினார்கள். அடுத்த நிலையத்தில் ஒரு பெண் குடையை விட்டாள். அதற்கு அடுத்ததில் ஒரு அம்மா, தள்ளுவண்டியில் இருந்த பிள்ளையோடு, வண்டியின் முன்சக்கரத்தையே இடுக்கில் விட்டாள். கோட்டு நுனியும் நாரும் எங்கோ ஒன்று இரண்டுதான். வண்டியை நிறுத்தியது இந்தக் கைகள். கதவு எப்படியும் திறக்கும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவள் முழுசாகத் திறக்க வைத்த கதவு, கையை உள்ளே விடு என்று ஜனங்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது.

மத்தியானம் தங்கை புருஷனுக்குப் பழைய வண்டி ஒன்றைக் கொடுத்தார்கள். அந்தத் தடத்தில் புதுசும் பழசும் கலந்துதான் ஓடின. பழைய வண்டிக்கும் அதே நீல வண்ணம்தான் பூசியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அவளும் அதில் ஏறினாள். சந்தைக்குப் பக்கத்து நிலையத்தில் கதவு மூடும்போது நடுத்தர வயது ஆள் ஒருவர் நிதானமாக முழங்கை வரை கையை உள்ளே விட்டார். முகத்தில் கொஞ்சம்கூடப் பயம் இல்லை. மாட்டினதை உணரத் தெரியாத பழைய கதவு திறக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

டிரைவருக்குப் பச்சை எரிந்திருக்க வேண்டும், வண்டி அசைந்தது. அவர் கூடவே நடந்தார். பிறகு ஓட ஆரம்பித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் மாறுவதை அவள் பார்த்தாள். மணல் பொம்மைக்கு முகம் வரைய வேண்டும் என்று அவளுக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. நடுவில் நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் வண்டியை நிறுத்தும் அபாய வளையத்தைப் பிடித்துத் தொங்கினாள்.

வண்டி குலுங்கி நின்றது. தங்கை புருஷன் கன்னத்துப் பிளாஸ்திரியோடு இறங்கி ஓடி வந்தார். "யார் இழுத்தது? எவன்?" என்று கத்திக்கொண்டே வந்தவர் அவளைப் பார்த்ததும் நின்றார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "நீங்களா? வண்டிக்குள்ளயே வந்துட்டீங்களா மேடம்?" என்றார். எப்போதும் அக்கா என்று கூப்பிடுகிறவர் அவர்.

"முதல்ல அந்தாள் கையை எடுத்து விடுங்க மாப்பிள்ளை. அப்புறம் திட்டுங்க."

இடுக்கிலிருந்து கையை விடுவித்தார்கள். எலும்பு முறியவில்லை. தோல் உரிந்து முழங்கை வீங்கியிருந்தது. அவர் நன்றி சொல்லவில்லை. "கதவு திறக்கும்னாங்களே! திறக்கும்னாங்களே!" என்று அவளையே பார்த்துக் கத்தினார். சுற்றி நின்றவர்கள் வண்டி மறுபடியும் லேட்டாவதற்காக மூன்று பேரையும் சேர்த்துத் திட்டினார்கள். அவள் வாழ்நாளில் முதல் முறையாக யாருக்கும் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை தலைவர் அறைக்குப் போனாள். கம்பெனிக்காரரும் அங்கே இருந்தார்.

"கதவு முழுசா திறக்கக் கூடாது. ஒரு கை அகலம் தளர்ந்தா போதும். மாட்டினதை உருவ முடியணும், ஆனா ஆள் நுழைய முடியக் கூடாது. கையை விட்டா லாபம் இல்லைன்னு தெரிஞ்சா யாரும் விட மாட்டாங்க. அதை மாத்துற வரைக்கும் பழைய வண்டியையும் புதுசையும் ஒரே தடத்துல கலந்து ஓட்டக் கூடாது."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "முழுசா திறக்கணும்னு குதிச்சது யாரு?"

"நான்தான்."

"ஒரு கை அகலம்னு சொன்னது யாரு?" என்றார் கம்பெனிக்காரர். இந்த முறை காது வரைக்கும் சிரிப்பு.

"நீங்கதான். நீங்க சொன்னது சரி. ஆனா சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னா, எதையோ விக்க வந்திருக்கீங்கன்னுதான் யாருக்கும் தோணும்."

"இதுக்குப் பேர் மன்னிப்பா மேடம்?"

"இல்ல. மன்னிப்பு கேட்க எனக்கு நேரமில்ல. கதவை எப்ப மாத்துவீங்க?"

தலைவர் அரை நாள் அவளை உட்கார வைத்துத் திட்டினார். வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். பிறகு பழைய வண்டிகளை வேறு தடத்துக்கு மாற்றச் சொல்லி மேலிடத்துக்குத் தானே போன் செய்தார். "இதையும் நீங்க பொம்மை செஞ்சு காட்டினா எனக்கு உடம்பு தாங்காது" என்றார்.

கதவை மாற்றிக் கொண்டுவந்தார்கள். இனி மரத்துண்டும் மணலும் உதவாது, மனிதர்கள் வேண்டும். தளர்கிற அந்த இடுக்கிலிருந்து கூட்டத்தில் நிற்கிற ஒருவர் பையையோ கையையோ உருவிக்கொள்ள முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கூடத்தில் எல்லாரையும் கூப்பிட்டாள். ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு அவசர வேலை, ஒருவர் "மரத்தையே வெச்சுப் பாருங்க மேடம், உங்க சொந்தக்காரங்கதானே" என்றார். டிரைவர்கள் சங்கத்தில் கேட்டாள். முகத்துக்கு நேராகவே முடியாது என்றார்கள்.

தங்கை புருஷன் மட்டும் வந்தார். சீருடையோடு, யார் முகத்தையும் பார்க்காமல்.

"உங்களுக்காக வரல" என்றார்.

"தெரியும்."

"இதுவும் சொதப்பினா அறை வாங்கப் போறது நான். அதனால வந்தேன்."

"சரி, கதவுல நில்லுங்க. கையை நீட்டுங்க."

நீட்டினார். கதவு பிடித்தது, தளர்ந்தது. கையை உருவினார். மறுபடி பிடித்தது. தோள்பையோடு, கோட்டோடு, கையுறையோடு, முதுகைத் திருப்பிக்கொண்டு என்று காலை முழுக்க நின்றார். அவர் நிற்பதைப் பார்த்து வெட்கப்பட்டோ வேடிக்கைக்கோ இன்னும் சிலர் வந்து நின்றார்கள். கம்பெனிக்காரர்கூடத் தன் நல்ல கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வரிசைக்கு வந்தார். பள்ளிக்கூடப் பை மட்டும் இடுக்கில் சிக்கிக்கொண்டே இருந்தது. கொக்கி தட்டியது.

"இன்னும் ஒரு விரல் தளரணும்" என்றாள்.

"ஒரு விரல் கூடினா ஒல்லியான ஆள் நுழைஞ்சிடுவான்" என்றார் கம்பெனிக்காரர்.

"நுழையட்டும். பிள்ளை மாட்டிக்கிட்டு நிக்கிறதை விட அது தேவலை."

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்றார் தங்கை புருஷன். "கதவு தளர்ந்து நிக்கும்போது டிரைவர் ரூம்ல இருக்கிற எனக்கு ஒண்ணுமே தெரியாது. பச்சை எரியல, அவ்வளவுதான். எந்தக் கதவுன்னு தெரியணும். தெரிஞ்சா மைக்குல 'நாலாவது கதவு, பையை எடும்மா'ன்னு சொல்லுவேன். சும்மா நின்னா ஜனங்க என்னைத்தான் திட்டுவாங்க."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"முதல்ல என்னைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான். அவள் திரும்பி, கதவு எண் தெரிகிற மாதிரி ஒரு சின்னத் திரை வைக்க வழியுண்டா என்று கம்பெனிக்காரரிடம் கேட்டாள். உண்டு என்றார்.

ஒரு விரல் அதிகமாகத் தளர்கிற கதவும், டிரைவர் அறையில் எண் காட்டும் திரையும் வந்தன. முதலில் ஜனங்கள் வழக்கம் போலக் கையை விட்டார்கள். கதவு கொஞ்சம் தளர்ந்து, கையை வெளியே விட்டு, மூடிக்கொண்டது. உதைத்தார்கள், கண்ணாடியில் குத்தினார்கள், அப்புறம் அலுத்துப்போய் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கப் பழகினார்கள். வண்டிகள் பெரும்பாலும் நேரத்துக்கு ஓடின. கம்பெனிக்கு அதற்காக ஒரு விருது கிடைத்தது. கம்பெனிக்காரர் மேடையில் எல்லாருக்கும் நன்றி சொன்னார், அவளைத் தவிர. அவர் அவளிடம் அதைப் பற்றிப் பின்னால் ஏதோ சொல்ல வந்தபோது, "மேடையில என்னைச் சொல்லியிருந்தா கீழே உட்கார்ந்திருந்தவங்க கல்லெடுத்திருப்பாங்க. தப்பிச்சீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தங்கையோடு பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. முதலில் போனில், பிறகு நேரில். தங்கை சொன்ன சொல்லை அவள் புருஷன் காப்பாற்றினார். அக்கா வீட்டு வாசப்படியை மிதிக்கவே இல்லை. அதனால் அவள்தான் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. முதல் நாளே தங்கை கட்டளை போட்டுவிட்டாள். "என் வீட்டுக்குள்ள ரயில் பேச்சு கிடையாது. ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்."

இருவரும் கேட்டுக்கொண்டார்கள். வீட்டுக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பேசுவதற்கு அவர்களுக்கு உலகத்தில் வேறு எதுவுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சாப்பாடு வந்தது, சாப்பிட்டார்கள். தண்ணீர் வேண்டுமா என்று ஒருவர் கேட்டார், வேண்டாம் என்று மற்றவர் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. தங்கை கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயோ, எதையாவது பேசித் தொலைங்க. வீடு துக்க வீடு மாதிரி இருக்கு."

தங்கை புருஷன் தொண்டையைக் கனைத்தார். "இந்த மாதிரி மழையில எங்க வண்டி வைப்பர் கண்ணாடியைத் தேய்க்குதே தவிர துடைக்கல மேடம்."

"வைப்பர் சரியாத்தான் இருக்கு. நீங்கதான் காய்ஞ்ச கண்ணாடியில போட்டு ரப்பரைக் கெடுக்கிறீங்க."

"வந்து உட்கார்ந்து பாருங்க, அப்பத் தெரியும்!"

"வரேன். நாளைக்கே வரேன்" என்றாள் அவள், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு.